ஐயாயிரம் ரூபாய்க்கு எந்த அறிவியல் புத்தகங்களை வாங்கலாம்?

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடுவார்கள்; விளக்கு வைக்கும் நேரம்வரை வாசிப்போம். மொத்தம் 14 பேர். இளையவள் அங்கன்வாடியை முடித்து இப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள், மூத்தவன் ஏழாவது படிக்கிறான். சென்ற ஆண்டு திருவிழாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் 5,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "அறிவியல் புத்தகமா வாங்கிக் கொடும்மா, படம் நிறைய இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பணத்தைச் செலவழிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அறிவியல் படப் புத்தகம் என்று கடையில் கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல பொருள்களை எடுத்து வைக்கிறார்கள். வழுவழுப்பான தாளில் கனமான ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒரு பக்கம். பதினாறு இருபது பக்கத்தில் கதையாகச் சொல்லும் தமிழ்ப் படநூல்கள் இன்னொரு பக்கம். செய்து பார்க்கச் சொல்லும் சோதனைப் புத்தகங்கள், மாதம் ஒருமுறை வரும் சிறுவர் அறிவியல் இதழ், கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் படக்கதைகள் என்று வரிசை நீள்கிறது. ஐந்துக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றையும் திண்ணையில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தை மூடியதும் பிள்ளை எழுந்து எங்காவது போய் எதையாவது பார்க்கிறதா என்பதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல். எத்தனை தகவல் ஞாபகம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கலைக்களஞ்சியத்திலிருந்து தொடங்குகிறேன். அன்பளிப்பாக வந்த ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. வெள்ளைப் பின்னணியில் ஒரு பொருளைத் தனியே நிறுத்தி, சுற்றிலும் சின்னச் சின்னக் குறிப்பு எழுதும் பாணி அதில். 1988இல் டார்லிங் கிண்டர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் பதிப்பகம் தொடங்கிய நூல்வரிசை உலகெங்கும் பரப்பிய பாணி அது. பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தின் மேல் உயிர். டைனோசர் பக்கமும் எரிமலைப் பக்கமும் விரல் பட்டுப் பட்டு மங்கிப் போயிருக்கின்றன. எங்கள் ஊரில் எட்டிப் பார்க்க முடியாதவற்றை, கடலடியை, மனிதக் காதின் உட்புறத்தை, வெட்டிக் காட்டியது போல அந்தப் படங்கள் காட்டுகின்றன. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் கவனித்த வேறொன்று இருக்கிறது. சென்ற புரட்டாசியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, கொல்லையில கறிவேப்பிலை மேல காக்கா எச்சம் நகருதுக்கா." போய்ப் பார்த்தோம். பறவை எச்சம் போலவே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் புழு. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக அமைந்த பட்டாம்பூச்சி ஒன்று கறிவேப்பிலையில் முட்டையிடும். அதன் புழு இது. குருவிகள் கண்டுகொள்ளாமல் போவதற்கான வேஷம். கிளையை ஒடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து, வாயைத் துணியால் கட்டினோம். தினமும் புது இலை போட்டோம். தோலுரித்துத் தோலுரித்து ஒருநாள் பச்சையானது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு வாடை விட்டது. பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே வரிசையில் நின்றார்கள். பிறகு ஒரு காலையில், மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் இடுப்பு வாரில் சாய்ந்து நிற்பது போல, ஒரு நூலை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலை மேலே இருக்க, குச்சியில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாகிவிட்டது.

அந்தப் பெண் கலைக்களஞ்சியத்தை விரித்தாள். அதில் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கியது. நூல் எதுவும் இல்லை. "புத்தகம் தப்பா, நம்ம புழு தப்பா அக்கா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் அந்தக் கேள்வி திண்ணையிலேயே கிடந்தது.

பதில் அவளுடைய பாட்டியிடமிருந்து வந்தது. பேத்தியை அழைத்துப் போக வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், விரித்துக் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தார். "இது நம்ம வாய்க்கால் கரை எருக்கஞ்செடியில தொங்குமே, பச்சையா, மணி மாதிரி" என்றார். மறுநாள் எல்லோரும் வாய்க்கால் கரைக்குப் போனோம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்று பாட்டி எச்சரித்துக்கொண்டே கூட வந்தார். கூட்டுப்புழு தொங்கியது. பக்கத்து இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு புழுக்களும் இருந்தன. ஏழாம் வகுப்புப் பையன்தான் எண்ணினான்: எருக்கம்புழுவின் முதுகில் கறுப்பு இழைகள் மூன்று ஜோடி, புத்தகத்துப் புழுவுக்கு இரண்டே ஜோடி. புத்தகத்தில் இருந்தது வட அமெரிக்காவின் மொனார்க் பட்டாம்பூச்சி. எங்கள் எருக்கில் இருந்தது அதன் நெருங்கிய சொந்தம். மொனார்க் தின்னும் செடியும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சி வேறு குடும்பம், அது நூல் கட்டிச் சாயும். புத்தகமும் சரி, எங்கள் புழுவும் சரி.

இந்த நிகழ்ச்சியைக் கலைக்களஞ்சியத்துக்கு ஆதரவாகவும் சொல்லலாம், எதிராகவும் சொல்லலாம். அந்தப் படம் இல்லாமல் கேள்வியே பிறந்திருக்காது. ஆனால் கையில் பாட்டில் இல்லாமல் படம் மட்டும் இருந்திருந்தால், "கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும்" என்று மனப்பாடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். தேர்விலும் எழுதியிருப்பாள். இன்னொரு சிக்கல் மொழி. என் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டும் அளவில்தான் இருக்கிறது. படத்தைப் பார்ப்பார்கள், குறிப்பை விட்டுவிடுவார்கள். நான் தமிழில் சொன்னால்தான் உண்டு. நான் இல்லாத நேரத்தில் அது பொம்மைப் புத்தகம். எனவே ஒரு வாசிப்புக் கூடத்துக்கு ஒரு கலைக்களஞ்சியம் போதும், இரண்டாவது வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன். தனி வீட்டில் ஒரு பிள்ளைக்காக வாங்குகிறவர்கள் அதற்கு முன் நூலகத்துக்கு ஒருமுறை போய் வரலாம். சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து எந்தப் பக்கங்களைப் பிள்ளை மறுபடி மறுபடி புரட்டுகிறது என்று பார்த்தால், வாங்கத் தேவையிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது கதைப் படநூல்கள். மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் 1957இல் தொடங்கியது. அதன் நேரு பால புத்தகாலய வரிசை தமிழிலும் வருகிறது. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் நூல்களைப் போடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், பிரதம் புக்ஸ் என்று இன்னும் சில. ஒரு கலைக்களஞ்சியத்தின் விலைக்கு இவற்றில் பத்துப் பதினைந்து வாங்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மெல்லிய நூல் வடிவம் பழகியதுதான். தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகக் கொடுக்கப்பட்ட சின்னப் புத்தகங்களை அவர்கள் பள்ளியில் பார்த்திருக்கிறார்கள்.

என் தராசு இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. இந்த நூல்களில் ஒரு புத்தகத்துக்கு ஒரே சங்கதி. எறும்பு எப்படி வரிசையில் போகிறது, மழைக்கு முன் மண் ஏன் மணக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறது, முடித்ததும் கை சும்மா இருக்கிறது, காலுக்கடியில் எறும்பும் இருக்கிறது. படத்தில் இருப்பது வெளிநாட்டு மேப்பிள் மரமாக இல்லாமல் வேப்பமரமாக இருக்கிறது. பனி பொழியவில்லை, ஐப்பசி மழை பெய்கிறது. பாட்டி, தாத்தா, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, யாராக இருந்தாலும் படத்தைப் பார்த்ததும் பேசத் தொடங்குகிறார்கள். எருக்கஞ்செடி விஷயத்தில் எனக்கு உறைத்தது அதுதான்: வீட்டில் இருக்கும் அறிவுக்குப் படம் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. எழுத்தே இல்லாத படநூல்களை இதனாலேயே தேடித் தேடி வாங்கினேன். அவற்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பெரியவர்களும் கூச்சமில்லாமல் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

ஓவியமா, புகைப்படமா என்று ஒரு கடைக்காரரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். புகைப்படம்தான் உண்மை என்பது அவர் கட்சி. நான் ஓவியத்தின் கட்சி. புகைப்படம் ஒரு குறிப்பிட்ட எறும்பை ஒரு குறிப்பிட்ட நொடியில் காட்டும். பாதி கால் நிழலில் மறைந்திருக்கும். வரைபவர் எல்லா எறும்புக்கும் பொதுவானதைத் தேர்ந்து வரைவார். மண்ணுக்குள் புற்று எப்படி அறை அறையாகப் போகிறது என்பதை ஒரே தாளில் வெட்டிக் காட்ட அவரால் முடியும். இன்னொரு காரணமும் உண்டு. ஓவியத்தைப் பார்த்த பிள்ளை தானும் வரைகிறது. வரைவதற்கு மறுபடி போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1658இல் நூரம்பெர்க்கில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் குழந்தைகளுக்காக ஒரு படநூல் வெளியிட்டார். அதன் எழுத்து வரிசை காகத்தில் தொடங்குகிறது: காகம் கரைகிறது, "ஆ... ஆ..." என்று. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலியிலிருந்து எழுத்துக்கு. படநூல் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காகம் நினைவுக்கு வரும்.

ஆனால் ஓவியம் தப்பாக இருந்தால் சேதம் பெரிது. இணையத்தில் கிடைத்த படங்களை ஒட்டி, பொது அறிவு என்று தலைப்பிட்டு விற்கும் மலிவு நூல்கள் எல்லா ஊர்ப் பேருந்து நிலையங்களிலும் தொங்குகின்றன. அவற்றை வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். கடையில் நின்றபடியே ஒரு புத்தகத்தைச் சோதிக்க நான் பழகிக்கொண்ட வழி இருக்கிறது. எறும்பு இருந்தால் காலை எண்ணுவேன்: ஆறு இருக்க வேண்டும், ஆறும் நடுப்பகுதியிலிருந்து கிளம்ப வேண்டும், பின்வயிற்றிலிருந்து கிளம்பக் கூடாது. சிலந்திக்கு எட்டு. வானவில்லில் சிவப்பு வெளிவளைவில். பிறையின் இரு கொம்புக்கும் நடுவே நட்சத்திரம் வரைந்திருந்தால் மூடி வைத்துவிடுவேன். அங்கே நிலவின் இருண்ட பகுதி இருக்கிறது, அதை ஊடுருவி நட்சத்திரம் தெரியாது. பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நின்றால் வரைந்தவர் தேடிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒன்று தென்கோளம், மற்றது வடதுருவம். ஒன்பது கோள்கள் என்று இருந்தால், புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிய 2006க்கு முந்தைய பதிப்பை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். இந்தத் தேர்வில் தேறாத நூல்களைப் பெரிய கடைகளிலும் பார்த்தேன்.

செய்து பார்க்கும் புத்தகங்களுக்கு வருகிறேன். இதில் இந்தியா முழுவதற்கும் வழிகாட்டி அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் கற்பதற்காக 1972இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துக் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய இணையதளத்திலிருந்து நூல்களை இலவசமாக இறக்கலாம், தமிழிலும் உண்டு. வால்வ் டியூபைச் சிறு துண்டாக நறுக்கி இரண்டு முனையிலும் குச்சியைச் செருகினால் மூட்டு. நான்கு குச்சியில் சதுரம் செய்து தள்ளினால் சரிந்து விழுகிறது. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து எவ்வளவு அழுத்தினாலும் வடிவம் மாறுவதில்லை. கொத்தனார் மகன் ஒருவன் இதைச் செய்து பார்த்துவிட்டு, "அதனாலதான் ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டம் முக்கோணமா இருக்கா?" என்று கேட்டான். அவன் அப்பா கையால் தினமும் செய்கிற வேலைக்கு அன்று காரணம் கிடைத்தது.

இந்த வகையின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். படிப்படியாகப் படம் போட்டிருந்தாலும் ஆறு ஏழு வயதுப் பிள்ளை தனியாகச் செய்யத் திணறுகிறது. மூன்றாம் முயற்சியில் கைவிடுகிறது. எட்டு வயதுக்கு மேல் இது தங்கம். வாங்கும்போது பொருள் பட்டியலைப் பாருங்கள். சோதனைக் குழாய், பியூரெட் என்று ஆய்வகச் சாமான்களைப் போட்டிருந்தால் அது வீட்டுக்கான புத்தகம் இல்லை. தீக்குச்சி, ஸ்ட்ரா, பலூன், தேங்காய்ச் சிரட்டை என்று இருந்தால் எடுங்கள்.

கலைக்களஞ்சியத்தின் சூரியக் குடும்பப் பக்கத்தில் கோள்கள் மணி கோத்தது போல நெருங்கி நிற்கும். அளவு சரியாக அதை ஒரு தாளில் வரையவே முடியாது. அதனால் நாங்கள் தெருவில் செய்தோம். கால்பந்து சூரியன். பூமி ஒரு கடுகு, பந்திலிருந்து 24 மீட்டர் தள்ளி. கடுகுக்கு ஆறு சென்டிமீட்டர் தூரத்தில், கசகசாவிலும் சின்னதாக நிலவு. வியாழன் ஒரு நெல்லிக்காய், 120 மீட்டருக்கு அப்பால். நெப்டியூனுக்கு ஒரு பட்டாணியை எடுத்துக்கொண்டு 700 மீட்டர் நடக்க வேண்டும். பட்டாணியோடு நடந்தவர்கள் பெருமாள் கோவில் குளத்தைத் தாண்டிப் போய் நின்று கையசைத்தார்கள். பந்து நிற்கும் இடத்திலிருந்து அவர்களையே சரியாகத் தெரியவில்லை. அப்புறம் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "இது கிட்டக் கிட்ட போட்டிருக்காங்கக்கா" என்று சொல்லாமல் இருப்பதில்லை.

இதழ் பற்றி. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் துளிர் இதழைத்தான் பார்த்தேன். அச்சில் கலைக்களஞ்சியத்தின் பளபளப்பு இல்லை, ஐந்து ஆறு வயதுக்கு எழுத்து அதிகம். ஆனால் மாதாமாதம் வருகிறது. அந்த வருகையை எந்தப் புத்தகமும் ஈடு செய்யாது. தபால்காரர் கொண்டுவரும் கட்டைப் பிரிக்கப் பத்து வயதுக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். போன மாதக் கேள்விக்கு இந்த மாதம் பதில் இருக்குமா என்று காத்திருப்பதே ஒரு பழக்கம். என் அப்பாவின் அலமாரியில் மாஸ்கோவின் மீர், ராதுகா பதிப்பகங்கள் அச்சிட்ட தமிழ் நூல்கள் இருந்தன. நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சொற்ப விலைக்கு வாங்கியவை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. ஆண்டு சந்தா கட்டும்போது எனக்கு அந்த அலமாரிதான் கண்ணில் வந்தது. இங்கேயே வருகிற இதழ் நின்றுவிடக் கூடாது.

இலவசப் படக்கதைகளுக்கு பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் பெரிய வரம். தமிழில் நூற்றுக்கணக்கான கதைகள், நான்கு படிநிலைகள், அறிவியல் கதைகளும் அவற்றில் உண்டு. திறந்த உரிமம் என்பதால் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், நம் ஊர்ச் சொல்லுக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் கைப்பேசியில் காட்டினால் 14 தலைகள் ஒரு சின்னக் கண்ணாடியில் முட்டிக்கொள்கின்றன, நடுவே யாராவது அழைக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தேன். வண்ணம் முக்கியமில்லாத கதைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பறவை, பட்டாம்பூச்சி, பூ வரும் கதைகளுக்கு உதவவில்லை. ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் புள்ளி போட்ட பழுப்பு என்று சொல்லும் பக்கம் கறுப்பு வெள்ளையில் பாதி செத்துப்போகிறது. வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு, நல்ல திரை இருந்தால், பணம் செலவழிக்கும் முன் இதில் தொடங்குவதுதான் சரி.

கடைசியில் பணத்தை இப்படிப் பிரித்தேன். பாதிக்கு மேல் தமிழ்க் கதைப் படநூல்களுக்கு, அவற்றில் எழுத்தில்லாதவை நான்கு. துளிருக்கு ஓராண்டுச் சந்தா. சோதனை நூல் ஒன்றே ஒன்று. அதோடு வால்வ் டியூப், தீப்பெட்டி பண்டல், கைப்பிடி வைத்த இரண்டு லென்ஸ். இலவசக் கதைகளில் பத்தை அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் அட்டை. ஆங்கிலக் கலைக்களஞ்சியம் வாங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலம் தடையில்லாமல் வாசிக்கும் வீடாக இருந்திருந்தால் ஒன்று வாங்கியிருப்பேன், அப்போதும் கடைசியாகத்தான். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் இருந்திருந்தால் சந்தாவையும் சோதனை நூலையும் விட்டுவிட்டு மொத்தத்தையும் படநூல்களுக்கே போட்டிருப்பேன்.

லென்ஸ் இரண்டுமே இப்போது கீறல் விழுந்து கிடக்கின்றன. படநூல்களில் ஆறேழு முதுகு பிய்ந்து ஒட்டுத்தாளில் நிற்கின்றன. மீதம் 410 ரூபாய் இருக்கிறது. வயல்வெளிப் பறவைகளுக்கு ஒரு படநூல் வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் கேட்கிறார்கள். சந்தாவும் அடுத்த மாதம் முடிகிறது. நான் சந்தாவுக்கு எடுத்து வைத்துவிட்டேன். பறவைகளை இந்தத் தை அறுவடைக்குள் அவர்களே வரைந்து சேர்க்கட்டும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கொக்கு இருக்கிறது. அதன் கால் மஞ்சளா கறுப்பா என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. நாளை காலை நாற்றங்கால் பக்கம் போய்ப் பார்த்து வருவதாகப் பேச்சு.